செவியை அடைப்பதன்று தூய்மை!

தனித்தமிழ் உணர்வுடைய ஒருவர் குமுக வானொலியில் கிழமைக்கு ஒருநாள் அமர்ந்து, பர்மிய யாழையும் ஆப்பிரிக்கப் பறையையும் சப்பானிய அரண்மனை இசையையும் நம் ஊர் நாகசுரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிபரப்பலாமா? மொழியிற் கலப்பைக் கடிந்துவரும் நாம், இசையில் மட்டும் கலப்புக்குக் கதவைத் திறந்துவிடுவதா? இவ்வாறு கேட்போர் நம்மிடையே உளர். அவர்தம் ஐயம் பழிக்கத்தக்கதன்று. பற்றினின்று எழுவது அது. ஆயினும், அவ்வையத்திற்கு அடிப்படையாக நிற்கும் எண்ணம் பிழையுடையது என்பதையும், அப்பிழையால் நாம் இழக்கக்கூடியது சிறிதன்று என்பதையும் இவண் சற்றே விரித்துரைக்க வேண்டியுள்ளது.

முதற்கண், குமுக வானொலி என்பது யாது? அரசு ஏடுகள் ‘சமுதாய வானொலி’ என்று குறிக்கும் அது, வணிகர்க்கும் உரியதன்று, அரசுக்கும் உரியதன்று. ஓர் ஊராரோ, ஒரு கல்லூரியாரோ, ஓர் அறக்கட்டளையாரோ சிறிய ஆற்றலுள்ள ஒலிபரப்பியை நிறுவிக்கொண்டு, பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டே நடத்துவது. அத்தகு நிலையங்கள் பலவற்றில் பல்லிசை நிகழ்ச்சி என ஒன்று கிழமைதோறும் இடம்பெறும். ஒரே ஆள், ஒரு பை நிறைய இசைத்தட்டுகள், ஒன்றிரண்டு மணி நேரம். எந்தப் பாட்டு, எதன் பின் எது, எதைப் பற்றி எவ்வளவு பேசுவது என்பன அனைத்தும் அந்நடத்துநரின் முடிவே. மேலிருந்து வரும் பட்டியல் இல்லை. விற்பனைக் கணக்கு இல்லை. அவர் பெறும் கூலியெல்லாம், எங்கோ இருக்கும் ஒருவர் தொலைப்பேசியில் அழைத்து, “சற்றுமுன் ஒலித்தது எந்நாட்டுக் கருவி?” என்று கேட்பதுதான்.

இந்த உரிமை எளிதிற் கிடைத்ததன்று. அமெரிக்க வானொலியின் வரலாற்றைப் பார்ப்போர்க்கு இது விளங்கும். 1950-களின் தொடக்கத்தில் ஒமாகா நகரைச் சார்ந்த டாட் சுடோர்சு என்னும் நிலைய முதலாளி, மக்கள் மிகுதியாக விரும்பும் சில பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறையை வலுவாகப் பரப்பினார். ‘முதல் நாற்பது’ என்று அம்முறைக்குப் பெயர். வணிகத்திற்கு அது பொன்முட்டையிடும் வாத்தாயிற்று. பட்டியலில் ஏறிய பாட்டுக்கு விற்பனை உண்டு, ஏறாததற்கு இல்லை என்றானபின், பட்டியலில் ஏற்றக் கையூட்டும் புகுந்தது. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுப் பேராயமே இக்கையூட்டை உசாவி, கேட்போர்க்கு அறிவிக்காமல் பணம் பெற்றுக்கொண்டு பாட்டை ஒலிபரப்புவது குற்றம் என 1960-இல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. எது மக்களுக்குப் பிடிக்கும் என்று மக்களைக் கேளாமலே முடிவுசெய்வோர், தாம் மக்களின் சுவைக்குப் பணிசெய்வதாகப் பறைசாற்றிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடப்பதே!

இதற்கு மாற்றான வழியை முன்னரே ஒருவர் தொடங்கியிருந்தார். போரை மறுக்கும் கொள்கையினரான இலூயிசு கில் என்பாரும் அவர் தோழர்களும் கலிபோர்னிய மாநிலத்துப் பெர்க்கிலி நகரில் கே.பி.எப்.ஏ. என்னும் நிலையத்தை 1949 ஏப்பிரல் 15-இல் தொடங்கினர். விளம்பரம் இல்லை, கேட்போர் தரும் கொடையே வருவாய். மறு ஆண்டே பணமின்றி வாய்மூடிய அந்நிலையம், 1951-இல் மீண்டும் பேசத் தொடங்கியது, இன்றும் பேசுகிறது. 1950-களில் அங்கு என்றி சேக்கப்சு என்பார் பல நாட்டு நாட்டுப்புற இசையைக் கொண்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அவர் சற்றுக் குறும்பர். இல்லாத அறிஞர் ஒருவரைப் படைத்து, கரீபியத் தீவுகளின் காலிப்சோப் பாட்டு எபிரேயரிடமிருந்து பிறந்தது என்று அவ்வறிஞர் வாயால் மெய்போலவே பேசவைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே வேரைத் தேடி அலைவோர்க்கு அது நல்லதொரு குட்டு. வேர்ச்சொல் ஆய்வில் அளவிறந்த விரைவு காட்டும் நம் இளைஞர் சிலரும் அதைக் கேட்டிருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

பல்லிசை நிகழ்ச்சிக்கு உண்மையான வீடு அமைத்துத் தந்தவர் என இலாரென்சோ மிலாம் என்பாரையே சொல்லவேண்டும். இளமையில் நோயால் கால்கள் நலிந்து ஊன்றுகோலால் நடந்தவர், கே.பி.எப்.ஏ.-வில் தொண்டராக இருந்து கற்றவர். தமக்கு வந்த குடும்பச் செல்வத்தைக் கொண்டு சியாட்டில் நகரில் 1962 திசம்பரில் ‘கிராப்’ என்னும் நிலையத்தைத் திறந்தார். வளையப் பணியாரம் விற்ற பழைய கடையொன்றே அதன் மாளிகை! அலைவெண் 107.7. வணிக நிலையங்கள் எதனைத் தொடவும் அஞ்சினவோ அதனையே அது தேடித்தேடி ஒலிபரப்பியது. பின்னர் பிற நகரங்களிலும் இத்தகு நிலையங்கள் எழ அவர் பொருளாலும் அறிவாலும் துணைநின்றார். 1968-இல் போர்ட்லாண்டு நகரில் எழுந்த கே.பூ. நிலையம் அவற்றுளொன்று, அஃது இன்றும் இயங்குகிறது. ஊர்மக்கள் தமக்கென ஒரு நிலையத்தை எவ்வாறு அமைப்பது என்று அவர் 1970-களில் எழுதிய கையேடு, அத்துறையில் இறங்குவோர் பலர்க்கும் வழிகாட்டியாயிற்று. 2020-இல் அவர் மறைந்தார்.

அந்தக் ‘கிராப்’ நிலையத்தில், வாசிங்டன் பல்கலைக்கழகத்து இசையியற் பேராசிரியர் இராபர்ட்டு கார்பியாசு என்பார், பல நாட்டு மரபிசையை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சியொன்றை 1960-களில் நடத்திவந்தார். சப்பானிய அரண்மனை இசையாகிய ககாக்குவை அந்நாட்டிலேயே சென்று ஆழ்ந்து கற்றவர் அவர். பல்கலைக்கழக வகுப்பில் கட்டணம் கட்டி அமர்வோர்க்கு மட்டுமே கிட்டக்கூடிய அறிவை, அடுக்களையிற் பணிசெய்துகொண்டே கேட்கும் ஓர் அம்மைக்கும், இரவில் வண்டியோட்டிச் செல்லும் ஒருவர்க்கும் கட்டணமின்றிக் கொண்டுசேர்த்தார். இசைத்த மக்கள் யார், கருவி யாது, அவ்விசையை எவ்வாறு கேட்கவேண்டும் என்று சொல்லி, பிறகு இசையைத் தன்போக்கில் ஒலிக்கவிடுவார். மூன்று மணித்துளியில் முடியாத இசைக்கு, அது கேட்கும் நேரத்தை ஈந்த நிலையம் அது. எந்த வணிக நிலையம் அதைச் செய்யும்?

நடத்துநரின் தொழில் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவோம். ஒரு மணி நேரம் உள்ளது. யாழ் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலில் பர்மிய நாட்டு யாழ், சவுங்கு என்பர். படகுபோன்ற பத்தரும், வில்லாக வளைந்த கோடும், முன்னாளிற் பட்டினாலாகிய நரம்புகளும் உடையது. இந்நாளில் நரம்பு பதினாறு. அடுத்து மேலை ஆப்பிரிக்காவின் கோரா. பெருஞ்சுரைக்குடுக்கையை இரண்டாக அரிந்து, ஒரு பாதியின்மேல் ஆன்தோல் போர்த்து, 21 நரம்புகள் கட்டியது. அதை இசைப்போர் மாண்டிங்கா மக்களின் வழிவழிப் பாணர்; புரவலரின் குடிவரலாற்றை நினைவிலிருந்து பாடுவோர். மூன்றாவதாக வேல்சு நாட்டின் மூவரிசை யாழ். வேல்சு மக்களோ ஆங்கிலத்தின் நெருக்குதலுக்கு நடுவில் தம் மொழியைக் காக்க நெடுங்காலம் போராடிவருவோர். தம் தேசிய இசைப்பாட்டு விழாவின் மேடையில் வேல்சு மொழியே ஒலிக்கவேண்டும் என்னும் நெறிமுறையை 1950 முதல் கடைப்பிடித்து வருகின்றனர். இத்தனையும் ஒரு மணி நேரத்திற்குள்!

இம்மூன்றையும் கேட்கும் தமிழன் என்ன உணர்வான்? யாழ் நம் நிலத்தில் வழக்கொழிந்தது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் எஞ்சின, ஒலி எஞ்சவில்லை. விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து 1947-இல் வெளியிட்ட யாழ்நூலில் அதன் அமைப்பையும் நரம்புக் கணக்கையும் மீட்டுத் தந்தார். ஆயினும் வில்யாழின் வடிவம் கையில் தவழ, நரம்பு விரலில் அதிர, வாழும் கருவியாக அது இசைக்கப்படுவதைக் கேட்கவேண்டுமாயின் நாம் பர்மாவைத்தான் நோக்கவேண்டும்; பாணன் ஒருவன் புரவலன் முன் குடிவரலாறு பாடுவதைக் கேட்க ஆப்பிரிக்காவைத்தான் நோக்கவேண்டும். பர்மிய யாழ் நம் யாழே என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது சேக்கப்சின் போலியறிஞர் செய்த வேலை. நாம் சொல்வது இதுதான்: நம் வீட்டில் அணைந்துபோன விளக்கு எத்தகைய ஒளி தந்திருக்கும் என்பதை, அண்டைவீட்டில் எரியும் விளக்கைக் கண்டு ஒருவாறு உணரலாம். அயலிசைக்குச் செவியை அடைத்துக்கொண்டவன், தன் முன்னோர் இசையைக் கற்பனை செய்துபார்க்கும் வாய்ப்பையும் அடைத்துக்கொண்டவனே.

இனி, கலப்பு என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். கலப்பு வேறு, அவை வேறு. மணிப்பவள நடையில் வடசொல் வந்து தமிழ்ச்சொல்லின் இருக்கையில் அமர்கிறது. தமிழ்ச்சொல் எழுந்து வெளியேறுகிறது. நாளடைவில் அப்படியொரு சொல் இருந்ததே மறந்துபோகிறது. அதனாற்றான் அதனை எதிர்க்கிறோம். அவையிலோ ஒவ்வொருவர்க்கும் ஓர் இருக்கை. ஒருவர் எழுந்து பேசி முடித்தபின் அடுத்தவர் பேசுகிறார். எவரும் எவரையும் விழுங்குவதில்லை. மொழிபல பேசும் அயல்நாட்டார் வந்து கூடி நம்மவரோடு இனிது வாழ்ந்த புகார் நகரைப் பட்டினப்பாலை போற்றுகிறதேயன்றித் தூற்றவில்லை. தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகளே ஆங்கிலமும் வடமொழியும் துறைபோகக் கற்றவர். வடமொழிச் சாகுந்தலத்தைத் தமிழிற் பெயர்த்தவர். பாவாணரின் பன்மொழிப் புலமையை நாம் சொல்லவேண்டுவதில்லை. பல மொழி அறிவது கலப்பாயின், இவ்விருவரினும் பெருங்கலப்பர் எவர்? பல மொழியறிந்தும் ஒவ்வொன்றையும் அதனதன் தூய்மையில் வழங்குவதே புலமை. பல்லிசை நிகழ்ச்சி நடத்துநர்க்கும் அதுவே இலக்கணம்.

நமக்குக் கவலை தருவது, ஒரு நாட்டுப் பறையையும் வேறொரு நாட்டுக் குழலையும் மின்கருவியின் மாறாத் தாளத்தில் ஊறவைத்துக் கூழாக்கி, ‘உலக இசை’ என்று விற்பதே. அந்தப் பெயரின் பிறப்பே ஒரு கடைத்தெருக் கதை. 1987-இல் இலண்டன் நகர மதுவிடுதி ஒன்றில் இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடினர். பல நாட்டு இசைத்தட்டுகளைக் கடையின் எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்க்குத் தெரியவில்லையாம். அதனால் விற்பனை குன்றுகிறதாம். ஆகவே அனைத்துக்கும் ‘உலக இசை’ என்று ஒரே அட்டை எழுதித் தொங்கவிட முடிவுசெய்தனர். ஆங்கிலப் பாட்டு மட்டும் உலகத்தில் சேராதது போலும்! மாந்த இனத்தின் பெரும்பகுதி தன் பெயரை ஒரு கடையடுக்குக்காக இழந்தது. நல்ல நடத்துநர் செய்யும் பணி அந்த அட்டையைக் கிழிப்பது. இஃது ஆப்பிரிக்க இசை என்று சொல்லி அவர் நிறுத்தமாட்டார். எந்த மக்கள், எந்த ஆற்றங்கரை, எந்த மொழி, கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன, இசைத்தவர் பெயர் என்ன என்று சொல்வார். நம் தவிலை எவரேனும் ‘இந்திய மத்தளம்’ என்று சொல்லி நகர்ந்தால் நமக்கு எவ்வாறிருக்கும்? அதுபோன்றதே பிறர்க்கும். பெயர் சிறு செய்தியன்று. 2023 மே மாதத்தில் இந்திய அரசு வானொலி, தன் நிலையங்கள் அனைத்தும் தம்மை ‘ஆகாசவாணி’ என்றே அழைத்துக்கொள்ளவேண்டும் என ஆணையிட்டபோது தமிழ்நாட்டில் எழுந்த குரல் எதற்கு? ‘வானொலி’ என்னும் அழகிய சொல் நமக்கு இருப்பதனாலன்றோ?

இங்கு நம் அன்பர்க்கு மற்றுமொரு செய்தியையும் எடுத்துரைக்க வேண்டும். இசையின் தூய்மையை ஆணையாற் காக்க முயன்றவர் கதை அது. ஆர்மோனியம் அயற்கருவி, நம் பண்களின் நுண்ணிய அலகுகளை இசைக்கமாட்டாதது என்று கூறி, 1940-இல் இந்திய வானொலி அதனைத் தடைசெய்தது. 1971-இற்றான் தடை தளர்ந்தது. 1952 முதல் 1962 வரை வானொலித்துறை அமைச்சராயிருந்த பி.வி. கேசுக்கர் என்பார் திரைப்பாட்டின்மீது கடும் வெறுப்புடையவர். அவர் காலத்தில் வானொலியில் திரைப்பாட்டு மிகச் சுருங்கிப் பின் மறைந்தும் போயிற்று. விளைவு யாது? மக்கள் செவ்விசைக்குத் திரும்பினரா? இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினர்! பற்பசை நிறுவனமொன்றின் பொருளுதவியோடு 1952 திசம்பரில் அங்குத் தொடங்கிய கிழமைநிகழ்ச்சியை நடத்திய அமீன் சாயானி என்பாரின் குரல் வடநாட்டில் வீடுதோறும் ஒலித்தது. அதுவும் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல் நிகழ்ச்சியே. ஈற்றில் 1957-இல் இந்திய வானொலியே பாட்டுக்கெனத் தனி ஒலிபரப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. விலக்குவதாற் சுவை வளராது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தபோது, அதனைத் தோற்றுவித்தோர் தெலுங்குப் பாட்டைத் தடைசெய்க என்று அரசிடம் போய் நிற்கவில்லை, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்றே கேட்டனர், பாடியும் காட்டினர். நம் நெறி அவர்கள் நெறியாக இருக்கட்டும். கேசுக்கர் நெறி நமக்கு வேண்டா.

மீண்டும் சியாட்டிலுக்குச் செல்வோம். ‘கிராப்’ நிலையத்தின் முடிவு நாம் கருதிப்பார்க்கத்தக்கது. அமெரிக்காவில் பண்பலை வரிசையின் அடிப்பகுதி, அதாவது 88 முதல் 92 வரை, வணிகமல்லா நிலையங்களுக்கென 1945-இலேயே ஒதுக்கப்பட்டது. மிலாம் பெற்ற 107.7 அந்த ஒதுக்கீட்டிற்கு வெளியில், வணிகர் பகுதியில் இருந்தது. 1962-இல் பண்பலையை மதிப்பார் குறைவு; ஆகலின் அவ்விடம் எளிதிற் கிட்டியது. பின்னர் பண்பலை வளர வளர, அந்த எண் பொன்விலை பெற்றது. நிலையமோ கடனில் ஆழ்ந்தது. 1984-இல் அந்த அலைவெண் பெருந்தொகைக்கு வணிகர்க்கு விற்கப்பட்டது, ‘கிராப்’ வாய்மூடியது. விற்ற பணத்தில் ஒலிக்கலை மையம் ஒன்று அமைந்ததும், வணிகமல்லா எண்ணொன்றில் வேறொரு நிலையம் 1991-இல் எழுந்ததும் ஆறுதலே. ஆயினும் இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஊரின் செவியாயிருந்த இடம் போயிற்று.

இதற்கு மாறாக மற்றொரு கதை. நியூ செர்சி மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் 1958-இல் தொடங்கிய டபிள்யூ.எப்.எம்.யூ. என்னும் நிலையம், 1968 முதல் நடத்துநர்க்கு முழு உரிமை தரும் கட்டற்ற முறையைக் கைக்கொண்டது. அக்கல்லூரி 1995-இல் மூடப்பட்டது. நிலையமும் அதனோடு மாண்டிருக்கவேண்டும், மாளவில்லை. கல்லூரி வீழுமுன்னரே நிலையத்தார் ஒரு கழகமாகக் கூடி உரிமத்தைத் தம் பெயர்க்கு வாங்கிக்கொண்டனர். 1998-இல் செர்சி நகரிற் சொந்தக் கட்டடத்துக்குப் பெயர்ந்தனர். விளம்பரமின்றி, கேட்போர் கொடையாலும், ஊதியம் பெறாத நடத்துநராலும் இன்றும் அது நிற்கிறது. இரண்டு கதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இசையின் தரத்தில் இல்லை. உரிமம் எவர் கையில், எந்த எண்ணில் இருந்தது என்பதில் உள்ளது. நல்ல நோக்கம் உடையோர் கணக்கேட்டையும் பட்டயத்தையும் இழிவாகக் கருதுவதுண்டு. அவ்வாறு கருதியோர் நிலையங்களிற் பல இன்று இல்லை.

பெருவணிகம் எத்துணை விரைவில் விழுங்கும் என்பதற்கும் அந்நாடே சான்று. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை வானொலி நிலையங்களே வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களைத் தன்வயமாக்கியது. ஊர் ஆயிரம்; பட்டியல் ஒன்று! அதன் பின்னரே 2000-இல் 100 வாட்டு ஆற்றலுள்ள சிறு நிலையங்களுக்கு வழி திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே பேராயம் அவ்வழியைக் குறுக்கியது. பத்தாண்டுப் போராட்டத்தின் பின் 2011 சனவரியிற் செய்த சட்டமே அதனை மீண்டும் அகலத் திறந்தது.

அதே 100 வாட்டுதான் இந்தியாவில் குமுக வானொலிக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட அளவும். வான் அலைகள் பொதுச்சொத்து. அவை அரசின் தனியுடைமையல்ல என்று 1995 பிப்பிரவரியில் உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் ஏழாண்டுகள் கடந்தே, கல்வி நிறுவனங்களுக்கு இசைவு தரும் முடிவு 2002-இல் வந்தது. அவ்வழியில் நாட்டிலேயே முதலாவதாக எழுந்தது நம் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து நிலையம். 2004 பிப்பிரவரி முதல்நாள், 90.4 என்னும் எண்ணில். 2006-இற் பொதுநலத் தொண்டமைப்புகளுக்கும் கதவு திறந்தது. குறைகள் பல. தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப இசைவு இல்லை. அரசியற் கட்சிகளும் அவற்றின் சார்பு அமைப்புகளும் உரிமம் பெற இயலா. ஆயினும் நிகழ்ச்சிகளிற் குறைந்தது பாதி, அவ்வூரிலேயே, அவ்வூர் மக்களைக் கொண்டே உருவாக்கப்படவேண்டும் என்றொரு நெறிமுறை உள்ளது. 2024-இல் உரிமக் காலம் பத்தாண்டாக உயர்ந்தது; மணிக்குப் பன்னிரண்டு மணித்துளி வரை விளம்பரம் செய்யவும் இசைவு வந்தது. விளம்பரத்திற்கு நேரம் கூட்டியது பணமுடையைத் தீர்க்க என்கின்றனர். தீர்க்கலாம். அந்தப் பன்னிரண்டு மணித்துளி எஞ்சிய நாற்பத்தெட்டையும் தன்வழியே இழுக்காமல் பார்த்துக்கொள்வது அவ்வவ் நிலையத்தார் கடன்.

சொல்லப்புகின், இடர் அங்கு மட்டும் இல்லை. ஒரு மணி நேரத்தை நிரப்பவேண்டிய கட்டாயமும், அணியம் செய்ய நேரமின்மையும் சேர்ந்தால், எவரும் எளிய வழியையே நாடுவர். திரைப்பாட்டுகளை அடுக்கிவிட்டு, இடையிடையே ஆங்கிலமும் தமிழும் பிசைந்த பேச்சால் இட்டுநிரப்பிவிடலாம். பெருவணிகப் பண்பலைகள் இரவுபகலாகச் செய்துவருவதும் அதுவே. அதே கூழைச் சிறு கலத்தில் ஊற்றிக் குடிக்க ஒரு குமுக வானொலி எதற்கு? திரைப்பாட்டு வேண்டாவென்று நாம் சொல்லவில்லை. அதற்கு வேறு ஆயிரம் வாயில்கள் உள்ளன என்றே சொல்கிறோம்.

எனவே, நம் அன்பருள் இசையறிவும் நல்ல தமிழ்நாவும் உடையோர் தம் ஊர்க்கு அருகிலுள்ள குமுக வானொலியை அணுகிக் கிழமைக்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுக. இயக்கத்தின் பெயரால் அன்று. கேட்போர்க்குத் தொண்டு செய்யும் தனியாளாகச் செல்க. அங்குச் சென்று மேடைப்பேச்சுப் பேசவேண்டா. தூய தமிழில், தெளிவாக, சுருங்கச் சொல்லி, இசைக்கு இடம்விட்டாற் போதும். மணிக்கணக்கில் நல்ல தமிழைக் கேட்டவன் செவிக்குக் கலப்புநடை தானே கரகரக்கும். ஒரு கிழமை யாழ் என்றால், மறுகிழமை பறை. அடுத்து, இறந்தோர்க்காகப் பாடும் பாட்டு. நம் ஒப்பாரிக்குப் பக்கத்தில் அயர்லாந்துப் பெண்டிர் பிணத்தின்முன் அழுது பாடிய பாட்டை வைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் இருப்பவரும் எழுந்து வருவார்.

ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிந்து காக்க. கார்பியாசு நடத்திய நிகழ்ச்சிகளுட் பல, நிலையம் மூடிய பின்னரும் நாடாக்களில் எஞ்சியிருந்தமையாற்றான் இன்று கணிப்பொறி வழியே நமக்கும் கேட்கக் கிடைக்கின்றன. நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் குறைவு. உங்கள் ஊரில் தாலாட்டும் நடவுப்பாட்டும் அறிந்த முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவரை நிலையத்திற்கு அழைத்து வருக. வர இயலாதவராயின், பதிவுக்கருவியை அவர் திண்ணைக்குக் கொண்டுசெல்க. அவர் பாடியதை வெட்டாமல், பின்னணி இசை ஏற்றாமல் அப்படியே ஒலிபரப்புக. அவர் பெயரையும் ஊரையும் பாட்டுக்கு முன் ஒருமுறையும், பாட்டு முடிந்தபின் ஒருமுறையும் சொல்லுக.